கீமோவுக்குக் கை நரம்பா, பிக் லைனா, போர்ட்டா?

அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது, டாக்டர் போர்ட் வைத்துக்கொள்ளலாம் என்கிறார், வீட்டில் யாருக்கும் மனசு ஒப்பவில்லை. இந்த இடத்தில் நிற்கிற குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கீமோ டே கேரில் நர்ஸாக இருக்கிறேன். பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, குடவாசல், வேதாரண்யம் என்று நாலா பக்கமிருந்தும் வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "நெஞ்சுல ஏதோ மெஷின் வெச்சுத் தைக்கிறாங்களாமே, அதெல்லாம் வேண்டாம் சிஸ்டர், கையிலயே போட்டுடுங்க, எங்கம்மா வலி தாங்கிப்பாங்க." அம்மா தாங்குவார்கள், அதில் சந்தேகமே இல்லை. நாள் பூரா நடவு வயலில் குனிந்து நின்றவர்களுக்கு ஒரு ஊசி என்ன பெரிசு. அந்தக் கை நரம்பு தாங்குமா என்று கேட்பவர்கள்தான் குறைவு.

கை நரம்பில் ஊசி, மேல்கை வழியாக வைக்கிற நீளக் குழாயான பிக் லைன், நெஞ்சில் தோலுக்கு அடியில் வைக்கிற சின்னக் கிண்ணமான போர்ட், இந்த மூன்றில் எது நல்லது என்பதற்கு எல்லாருக்கும் பொருந்துகிற பதில் கிடையாது. என்ன மருந்து, எத்தனை மாதம், வீடு எங்கே, இந்த மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். எப்போது முடிவெடுப்பது என்பதற்கு மட்டும் ஒரே பதில்தான், முதல் கீமோவுக்கு முன்னால். "ரெண்டு மூணு கையில போட்டுப் பார்ப்போம், நரம்பு கிடைக்கலேன்னா அப்புறம் போர்ட் வெச்சுக்கலாம்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கீமோ போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினாலாவது நாள்வரை பலருக்கு வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும், தட்டணுக்களும் குறையும். அந்த நேரத்தில் கத்தி வைத்தால் சீழ் பிடிக்கவும் ரத்தம் நிற்காமல் கசியவும் வாய்ப்பு அதிகம், அதனால் கவுண்ட், அதாவது அந்த அணுக்களின் எண்ணிக்கை, ஏறும்வரை காத்திருந்து, இரண்டு சுற்றுக்கு நடுவில் நாள் பார்த்து வைக்க வேண்டியிருக்கும், அதற்குள் அடுத்த கீமோவும் தள்ளிப்போகலாம்.

முதலில் ஊசி நரம்பை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம், அது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே அடுக்கு செல்களால் ஆன மெல்லிய படலம் இருக்கிறது, ரத்தம் உறையாமல் வழுக்கிக்கொண்டு ஓடுவது அதன் தயவில்தான். ஊசி குத்தும்போது அந்தப் படலம் கிழிகிறது, கிழிந்த இடத்தில் தட்டணுக்கள் ஒட்டிச் சின்னதாக உறைந்து ஓட்டையை அடைக்கின்றன, சில நாளில் படலம் மறுபடி வளர்ந்து மூடிக்கொள்கிறது. எப்போதோ ஒருமுறை ரத்தம் எடுத்தால் இவ்வளவுதான், தடம்கூட இருக்காது. ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடி மறுபடி குத்தினால் கதை வேறு. ஆறிய இடத்தில் தழும்புத் திசு சேரும், சுவர் தடிக்கும், உள்வழி குறுகும், ஒரு கட்டத்தில் முழுக்க அடைந்துபோகும். இதற்கு மேல் எரிச்சலூட்டும் மருந்தும் அதே வழியாகப் போனால் நரம்பு நெடுகச் சிவந்து வீங்கி வலிக்கும், வலி தணிந்த பிறகு கறுத்த கோடாக நின்றுவிடும்.

நாலைந்து கீமோ கையில் ஏற்றிக்கொண்ட ஒரு பெரியம்மாவின் முன்கையைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். தோலுக்கு மேலே பச்சையாகத் தடித்து அழகாகத் தெரிகிற நரம்பாக இருக்கும், புதிதாக வந்த பிள்ளைகள் ஆசையாக அதில்தான் போவார்கள். விரல் வைத்து அமுக்கினால் அமுங்காது, விட்டால் மேலெழும்பாது, பக்கவாட்டில் நழுவும். அது அடைந்த நரம்பு, ஊசி உள்ளே போனாலும் ரத்தம் வராது. நல்ல நரம்பு கண்ணுக்குத் தெரியாமல்கூட இருக்கும், ஆனால் விரல் நுனியில் மெத்தென்று அமுங்கி உடனே நிரம்பும். கண்ணை மூடிக்கொண்டு தடவித் தேடுகிற சிஸ்டரைப் பார்த்து "இவங்களுக்கு ஊசி போடத் தெரியுமா" என்று பயப்பட வேண்டாம், தெரிந்தவர்கள் அப்படித்தான் தேடுவார்கள்.

ரத்த ஓட்டமே நின்று கை செத்துப்போகுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. ஊசி போடுவது தோலுக்கு அடியில் இருக்கிற மேல்மட்டச் சிரைகளில், நாம் நரம்பு என்று சொல்வது இவற்றைத்தான். கைக்கு ரத்தம் கொண்டுவருகிற தமனிகள் வேறு, ஆழத்தில் இருக்கிற பெரிய சிரைகளும் வேறு. மேலே ஒன்று அடைத்தால் ரத்தம் பக்கத்துக் கிளைகள் வழியாகவும் ஆழத்துச் சிரை வழியாகவும் திரும்பிவிடும். இழப்பு எங்கே என்றால், நாளைக்கு அவசரத்துக்கு ஊசி போட இடம் இல்லாமல் போவதில்தான். கை முழுக்க வீங்கி, கனத்து, தோள்பட்டைப் பக்கம் நரம்புகள் புடைத்துக்கொண்டால் மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆழத்துச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

அடுத்தது மருந்து. கையின் நரம்பில் நிமிடத்துக்கு நூறு மில்லிகூட ஓடாது. இதயத்துக்கு மேலே இருக்கிற மேற்பெருஞ்சிரையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டர் ஓடுகிறது. ஒரு குடம் பூச்சிமருந்தைக் கடைமடை வாய்க்காலில் கொட்டுவதற்கும் ஆடி மாசத்துக் கொள்ளிடத்தில் கொட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். வாய்க்காலில் கரை வெந்துபோகும், ஆற்றில் போன இடம் தெரியாது. பிக் லைனும் போர்ட்டும் மருந்தை அந்தப் பெரிய குழாயில் கொண்டுபோய் விடுகின்றன, கை நரம்பு தப்பிப்பது அதனால்தான்.

எல்லாக் கீமோவும் ஒன்றல்ல. எங்கள் வார்டில் சிவப்பு மருந்து என்று சொல்கிற டாக்ஸோரூபிசின், அதன் உறவுக்கார எபிரூபிசின், அப்புறம் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின், மைட்டோமைசின், இவையெல்லாம் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையை அரிக்கும். வின்கிரிஸ்டினுக்குக் கசிந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம், சிவப்பு மருந்துக்கு ஐஸ், மாற்றிச் செய்தால் கெடுதல். சிவப்பு மருந்து கசிந்த புண் சில நாள் கழித்துத்தான் தன் குணத்தைக் காட்டும், வாரக்கணக்கில் ஆழமாகிக்கொண்டே போய் தோல் ஒட்டு அறுவைவரை போனவர்கள் உண்டு. ஆக்சாலிபிளாட்டின் அந்த அளவுக்கு அரிக்காது, ஆனால் ஏறும்போதே கை நெடுக இழுத்து வலிக்கும், நரம்பைச் சீக்கிரம் கெடுக்கும். வாரம் ஒருமுறை ரேடியேஷனோடு சேர்த்துக் கொடுக்கிற சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் போன்றவற்றைப் பெரும்பாலும் கையிலேயே சமாளித்துவிடுகிறோம்.

ஆகவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, "இந்த மருந்து வெளியே கசிஞ்சா சதையைப் புண்ணாக்குமா, மொத்தம் எத்தனை தடவை?" மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமான ஒரு திட்டத்தில் சிவப்பு மருந்து மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலு, அதற்குப் பிறகு பாக்லிடாக்ஸல் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. மொத்தம் பதினாறு முறை, அதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு குத்து, நடுவில் காய்ச்சல் என்று சேர்ந்தால் அதற்கு வேறு. மார்பகப் புற்றுநோயில் ஹெர் 2 பாசிட்டிவ் என்கிற வகை என்றால் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து ஒரு வருஷத்துக்கு ஓடும். இதையெல்லாம் கூட்டிப் பார்க்காமல் "ஒரு ஊசிதானே" என்று பேசுவது சரியில்லை. மார்பகத்தோடு அக்குளில் இருக்கிற நிணநீர் நெறிகளையும் எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையில் ஊசி போடாமல் தவிர்ப்பது வழக்கம். ஒருமுறை ஊசி போட்டதாலேயே கை வீங்கிவிடும் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை, ஆனாலும் மறு கை நன்றாக இருக்கும்போது எதற்கு வம்பு என்று டாக்டர்கள் தவிர்க்கிறார்கள். அப்படியானால் பதினாறும் ஒரே கையில்.

சரி, கையில் போடுவதைப் பற்றி. இதில் பெரிய லாபம், வீட்டுக்குப் போகும்போது உடம்பில் ஒன்றும் மாட்டியிருக்காது. ஆபரேஷன் இல்லை, செலவு இல்லை, வாராவாரம் பராமரிப்பு இல்லை. நாலு அல்லது ஆறு சுற்று, அரிக்காத மருந்து, நரம்பு நன்றாக இருக்கிற ஆள் என்றால் இதுவே போதும், போர்ட் வைக்கச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். குத்துவதைக் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும். காலையில் மேலே குத்தித் தவறிய நரம்பில் மதியம் கீழே குத்தி மருந்து ஏற்றினால், மேலே இருக்கிற ஓட்டை வழியாகக் கசியும். முழங்கை மடிப்பில் அரிக்கிற மருந்து போடக் கூடாது, கசிந்தாலும் ஆழத்தில் தெரியாது, தழும்பானால் கையை மடக்க முடியாது. அந்த மடிப்பை ரத்தம் எடுக்க விட்டுவையுங்கள். மணிக்கட்டின் உட்புறமும் வேண்டாம், அங்கே உணர்வு நரம்புகள் மேலாகவே ஓடுகின்றன.

நரம்பில் குத்தி விட்டுவைக்கிற பிளாஸ்டிக் குழாய் ஊசியான வென்ஃப்ளானில் நிறம் இருக்கிறதல்லவா, பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் ஏற ஏற ஊசி மெல்லிசு. கீமோவுக்கு நீலமோ மஞ்சளோ பெரும்பாலும் போதும், குழாயைச் சுற்றி ரத்தம் ஓட இடம் இருந்தால்தான் மருந்து கலந்து போகும். ஒரு சிஸ்டர் இரண்டு தடவை முயன்று கிடைக்கவில்லை என்றால் வேறொருவர் வர வேண்டும் என்பது பல நாட்டு நெறிமுறைகளில் இருப்பது, அதை நீங்கள் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏறிக்கொண்டிருக்கும்போது எரிச்சலோ இறுக்கமோ வந்தால் உடனே கூப்பிடுங்கள். நம் ஊர்ப் பெண்களிடம் இருக்கிற ஒரு பழக்கம், "அவங்க வேலையா இருக்காங்க, எதுக்குத் தொந்தரவு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. சிவப்பு மருந்து ஏறும்போது அந்தப் பொறுமை கையைத் தின்றுவிடும்.

வருவதற்கு முந்தின நாள் சாயந்திரத்திலிருந்தே கஞ்சி, மோர், தண்ணீர் என்று நன்றாகக் குடித்துவிட்டு வாருங்கள், டாக்டர் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் மட்டும் அவர் சொன்னபடி. முதல் பஸ் பிடிக்க நாலு மணிக்கு எழுந்து, வழியில் ஒன்றுக்குப் போக இடமில்லை என்று சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்களின் நரம்பு சுருங்கிக் கிடக்கும். வந்ததும் பத்து நிமிஷம் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கையில் சுற்றி, கையைக் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கீமோ முடிந்து ஊருக்குப் போனால் அசதியாக இருக்கும், வாய்க்குச் சாப்பாடு பிடிக்காது, உடனே பக்கத்து கிளினிக்கில் "ஒரு ட்ரிப் ஏத்திக்கிட்டு வந்துடுறேன்" என்று கிளம்பிவிடுவார்கள். ஒரு பாட்டில் 5 சதவீத குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அவ்வளவுதான், ஒரு டம்ளர் கரும்புச்சாற்றுக்குக்கூட வராது. அதற்காக ஒரு நல்ல நரம்பைச் செலவழித்துவிட்டு எங்களிடம் வந்து கையை நீட்டுவார்கள். வாந்தி நிற்காமல் போய் உடம்பு வற்றிவிட்டது என்றால் ட்ரிப் வேண்டும்தான், அது டாக்டர் சொல்லட்டும். வெறும் அசதிக்கு வேண்டாம்.

பிக் லைன் என்பது மேல்கையின் உட்புறம் ஓடுகிற பெரிய சிரையில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே நுழைத்து, நுனியை இதயத்துக்குச் சற்று மேலே நிறுத்துகிற நீளமான மெல்லிய குழாய். ஆபரேஷன் தியேட்டர் வேண்டியதில்லை, மரத்துப்போக ஒரு ஊசி, அரை மணி முக்கால் மணி நேர வேலை, எக்ஸ்ரே எடுத்து நுனி சரியான இடத்தில் இருக்கிறதா பார்த்துவிட்டால் அன்றைக்கே மருந்து ஏற்றலாம். அதன் பிறகு குத்தே இல்லை, குழாயின் வெளி முனையில் மாட்டிக் கழற்றினால் போதும். ரத்தமும் அதிலேயே எடுக்கலாம். வேண்டாம் என்றால் மெதுவாக உருவி எடுத்துவிடலாம். ஊசியைக் கண்டாலே நடுங்குகிறவர்களுக்கு இது வரம் போலத் தோன்றும்.

தோன்றும் என்று சொல்வதற்குக் காரணம், மீதி நாட்களில் அதைக் காப்பாற்றுவது நம் ஊரில் லேசில்லை. வாரத்துக்கு ஒருமுறை டிரஸ்ஸிங் மாற்ற வேண்டும், குழாய் அடைக்காமல் இருக்க உப்புநீரான சலைனைச் செலுத்திக் கழுவ, அதாவது ஃப்ளஷ் செய்ய வேண்டும், அதுவும் பயிற்சி உள்ளவர், சுத்தமான கையுறையோடு. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு என்றால் ஆட்டோவில் போய் வரலாம். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், பஸ் மாறி மாறி ஒரு நாள் போய்விடும், கூட வருகிறவருக்கு அன்றைய கூலியும் போச்சு. கீமோ மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றாலும் பிக் லைன் வாராவாரம் கூப்பிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் இதை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது ரோடெல்லாம் மரம், பல ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. அந்த மாதிரி நேரத்தில் வாராவார டிரஸ்ஸிங் எங்கே நடக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பிக் லைன் பார்க்கத் தெரிந்த நர்ஸ் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு இதற்குச் சம்மதியுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாருக்கும் இது பழக்கம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் தண்ணீர். பிக் லைன் இருக்கிற கை தண்ணீரில் முங்கவே கூடாது. குளத்தில் குளியல் இல்லை, ஆற்றில் இல்லை, ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் இறங்கி முங்குவது இல்லை. வீட்டில் குளிக்கும்போதுகூட பிளாஸ்டிக் உறை சுற்றி டேப் ஒட்டி, கையை வெளியே நீட்டிக்கொண்டு யாராவது ஊற்றிவிட வேண்டும். நாற்றுப் பறிக்கிறது, நடவு, களையெடுப்பு, மாட்டுக் கொட்டகை வேலை எதுவும் அந்தக் கையால் ஆகாது. கனமான குடம் தூக்குவதும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும் குழாயை நகர்த்திவிடும். கையில் குழாய் தங்கியிருப்பதால் சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பும் போர்ட்டைவிட இதில் கூடுதல். கை வீங்கினால், வலித்தால், குழாய் நுழைகிற இடத்தில் சிவந்தால் ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் வர வேண்டும்.

இவ்வளவையும் மீறி பிக் லைன் பொருந்துகிற ஆட்கள் உண்டு. இரண்டு மூன்று மாதத்தில் முடிகிற சிகிச்சை, ஆஸ்பத்திரியிலேயே தங்கி எடுக்கிற லுக்கீமியா (ரத்தப் புற்றுநோய்) சிகிச்சையின் முதல் கட்டம், போர்ட் வைக்கிற நிலையில் உடம்பு இல்லாதவர்கள். அவர்களுக்கு நல்ல வழி.

கிட்னி பழுதானவர்களுக்கு மட்டும் பிக் லைன் வேண்டாம், இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கிரியாட்டினின் ஏறி, நாளைக்கு டயாலிசிஸ் வரலாம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு முன்கை, மேல்கைச் சிரைகள்தான் பிஸ்டுலா (டயாலிசிஸுக்காகச் சிரையையும் தமனியையும் இணைப்பது) செய்யப் பத்திரமாக வைக்க வேண்டிய சொத்து. அதில் குழாய் வைத்து அடைத்துவிட்டால் பின்னால் பிஸ்டுலாவுக்கு இடம் இருக்காது. அவர்களுக்குப் புறங்கையில் மட்டும் ஊசி, நீண்ட நாள் தேவை என்றால் கழுத்துச் சிரை வழியாகப் போகிற ஏற்பாடு. கீமோ டாக்டரிடம் கிட்னி ரிப்போர்ட்டை மறக்காமல் காட்டுங்கள்.

போர்ட்டைப் பார்த்தால் ஒன்றும் மெஷின் இல்லை. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. பெரிய சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சின்னக் கிண்ணம், மேலே சிலிக்கான் மூடி, கீழே ஒரு மெல்லிய குழாய். காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பை மாதிரி இடம் செய்து கிண்ணத்தை வைத்து, குழாயைக் கழுத்துச் சிரை வழியாக மேற்பெருஞ்சிரைக்குக் கொண்டுபோவார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மரத்துப்போக வைத்தே செய்கிறார்கள். இரண்டு சின்னத் தழும்பு, தையல் ஆற பத்து நாள் பதினைந்து நாள். ஆறிய பிறகு வெளியே எதுவும் தொங்காது, குளிக்கலாம், குளத்தில்கூட இறங்கலாம், வீட்டு வேலை செய்யலாம்.

மருந்து ஏற்றும்போது ஹூபர் ஊசி என்று வளைந்த முனை கொண்ட தனி ஊசியால் மூடியைக் குத்துகிறோம். விரலால் கிண்ணத்தின் விளிம்பை மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டு நேர் செங்குத்தாக இறக்கினால், அடியில் இருக்கிற தகட்டில் 'டக்' என்று தட்டும், அது கையில் தெரியும். அப்புறம் இழுத்துப் பார்த்து ரத்தம் வந்தால்தான் மருந்து. குத்து அப்போதும் உண்டு, ஆனால் தோலில் ஒரு குத்து, நரம்பில் இல்லை, நரம்பைத் தேடுகிற வேலையே இல்லை. மூடி ஆயிரம் குத்துக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டது. சாதாரண ஊசியால் குத்தினால் சிலிக்கானைச் சீவி எடுத்து மூடி ஒழுகிவிடும். அதனால் ஊர் லேபிலோ கிளினிக்கிலோ "போர்ட் இருக்கே, இதுலயே போட்டுடலாம்" என்று யாராவது கை வைத்தால் தடுத்துவிடுங்கள். ஃப்ளஷ் செய்யும்போது 10 மில்லி சிரிஞ்சோ அதைவிடப் பெரியதோதான் பயன்படுத்த வேண்டும், சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடிக் குழாய் வெடிக்கலாம்.

நம் பக்கத்துக்குப் போர்ட் ஒத்துவருகிறது என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இடைவெளி. சிகிச்சை நடக்கும்போது கீமோவுக்கு வருகிற நாளிலேயே ஃப்ளஷ் முடிந்துவிடும், அதற்கென்று தனியாக வர வேண்டாம். சிகிச்சை முடிந்த பிறகும் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும், சில இடங்களில் மூன்று மாதம்வரை நீட்டிக்கிறார்கள். மழை, புயல், அறுப்பு, திருவிழா எது வந்தாலும் சமாளிக்க இடம் இருக்கிறது.

குறை இல்லாமலா. வைக்கும்போது நுரையீரலில் காற்றுக் கசிவது அரிதாக நடக்கும், ஸ்கேன் பார்த்துச் செய்வதால் அது இன்னும் குறைந்திருக்கிறது. சீழ் பிடித்தால் எடுக்க வேண்டியிருக்கலாம். ஃப்ளஷ் செய்த அரை மணி ஒரு மணியில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் குழாயில் கிருமி இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், "மழையில நனைஞ்சேன்" என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். கழுத்தோ முகமோ வீங்கினாலும் சும்மா விட்டுவிடாதீர்கள். ஒல்லியானவர்களுக்குத் தோலுக்கு மேலே மேடாகத் தெரியும். பெண்களுக்கு உள்ளாடைப் பட்டை எங்கே வரும், தாலிச்சரடு எங்கே உரசும் என்பதை வைப்பதற்கு முன்பே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள், இரண்டு விரல்கடை தள்ளி வைப்பது அவருக்குக் கஷ்டம் இல்லை. கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டால் வருஷம் முழுக்க உரசும்.

பிரிட்டனில் 18 புற்றுநோய் மையங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து இவற்றை ஒப்பிட்டார்கள், 2021-ல் லான்செட் இதழில் வந்தது. போர்ட்டும் பிக் லைனும் நேருக்கு நேர் வந்த பிரிவில், ஏதாவது ஒரு சிக்கல் வந்தவர்கள் போர்ட்டில் 32 சதவீதம், பிக் லைனில் 47 சதவீதம். ஹிக்மேன் குழாய் என்று நெஞ்சிலிருந்து வெளியே தொங்குகிற இன்னொன்றும் அதில் இருந்தது, அது பிக் லைனைவிடச் சிறந்ததாக இல்லை. போர்ட்டிலேயே மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒன்று வருகிறது என்பதையும் கவனியுங்கள், "ஒன்றுமே ஆகாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே வீட்டுக்கே நர்ஸ் வந்து டிரஸ்ஸிங் மாற்றுகிற வசதி உண்டு, அது இல்லாத நம் ஊரில் பிக் லைனின் பாடு இன்னும் மோசமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

பணம். போர்ட்டுக்கு மூன்று விதமாகச் செலவு வரும், பொருளின் விலை, வைக்கிற தியேட்டர் செலவு, ஒவ்வொரு தடவைக்கும் ஹூபர் ஊசி. கடைசியாகச் சொன்னதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், பில்லில்தான் தெரியும், பதினாறு தடவைக்குப் பெருக்கிப் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்வரை உண்டு, கீமோ அதில் வருகிறது. போர்ட் அந்தப் பேக்கேஜுக்குள் சேருமா, வெளியே கட்ட வேண்டுமா என்பதை அந்தந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவரிடம் கேளுங்கள், அட்மிஷன் போடுவதற்கு முன்னால். டாக்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எடுக்கிற செலவும் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். சிவப்பு மருந்தும் அதற்குப் பிறகு வாராவாரம் பன்னிரண்டும், ஒரே கைதான் மிச்சம் என்கிற மார்பகப் புற்றுநோய்ப் பெண்ணுக்குப் போர்ட், யோசிக்கவே வேண்டாம். பெருங்குடல் புற்றுநோய்க்கு 46 மணி நேரம் பம்ப் மாட்டி மருந்து ஏற்றுகிற திட்டம் என்றால் கை நரம்பு பேச்சுக்கே இடமில்லை, போர்ட்டோ பிக் லைனோ வேண்டும், பன்னிரண்டு சுற்று என்பதால் போர்ட்டே நல்லது. போர்ட்டுக்கு வழியில்லை என்றால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டினும் வீட்டில் மாத்திரையும் என்கிற மாற்றுத் திட்டம் தனக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். வாய், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷனோடு ஐந்தாறு வாரம் சிஸ்பிளாட்டின் என்றால் கையிலேயே போடுங்கள், நீலமோ மஞ்சளோ, வாரம் ஒரு கை மாற்றி. எண்பது வயது, உடம்பு தளர்ந்திருக்கிறது, சிகிச்சை எத்தனை நாள் ஓடும் என்றே நிச்சயமில்லை என்றால் முதலில் கை, தேவைப்பட்டால் பிக் லைன். வயது மட்டுமே காரணமாகப் போர்ட்டை மறுக்க வேண்டியதில்லை, எழுபத்தைந்து வயதில் வைத்துக்கொண்டு சம்பா அறுப்புக்குக் களத்தில் போய் நின்று கணக்குப் பார்த்த தாத்தாவும் எங்களிடம் வந்திருக்கிறார்.

நரம்பு எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கீமோ தொடங்குவதற்கு முன் டே கேருக்கு ஒரு நாள் வந்து, "சிஸ்டர், கையை ஒருதரம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். கட்டுக் கட்டி இரண்டு கையையும் தடவிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். ரொம்ப வருஷமாகச் சர்க்கரை இருப்பவர்கள், குண்டானவர்கள், ஏற்கெனவே பல முறை அட்மிட் ஆனவர்கள், இவர்களுக்கு எத்தனை சுற்று தாங்கும் என்று பழகின கை ஓரளவு சொல்லிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள், போர்ட் வைப்பதற்கு முன் எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது.

ஏற்கெனவே கையில் போட்டு நரம்பு கறுத்துக் கிடக்கிறவர்கள் கேட்பார்கள், இது திரும்ப வருமா என்று. லேசான வீக்கம் சில நாளில் சில வாரத்தில் அடங்கும். கயிறு மாதிரி ஆனது மாதக்கணக்கில் மெதுவாக இளகும், சிலது திறக்கும், சிலது திறக்காமலே நின்றுவிடும். வெதுவெதுப்பான ஒத்தடம், ஹெப்பாரின் கலந்த களிம்பு, மெத்தென்ற பந்தைக் கையில் அழுத்தி விடுவது, இவை ஆறுதல் தரும். அடைந்ததை அவை திறந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். கறுத்த கோட்டின் மேல் வென்ஃப்ளான் போட யாரையும் விடாதீர்கள், அது போதும்.

கீமோ முடிந்த பிறகு போர்ட்டை உடனே எடுப்பதா வைத்திருப்பதா என்பது இன்னொரு விவாதம். நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் நினைத்தால் ஒரு வருஷம், இரண்டு வருஷம் வைத்திருக்கச் சொல்வார், அதுவரை ஃப்ளஷ் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வர மாட்டீர்கள் என்று உங்களுக்கே தெரிந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்ட போர்ட் அடைத்துக்கொண்டு, நாளைக்குத் தேவைப்படும்போது உதவாது. எடுப்பதும் மரத்துப்போக வைத்துச் செய்கிற சின்ன வேலைதான். போர்ட்டின் கம்பெனி பெயரும் எண்ணும் போட்ட அட்டை ஒன்று கொடுப்பார்கள், எம்ஆர்ஐ எடுக்கிற இடத்தில் கேட்பார்கள், அதை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.